வினைல் பிளாங்க் தரை: கீறல், தூக்கல், உடைசல் எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்வது எப்படி

வினைல் தரையில், அதாவது மரம் மாதிரி தெரியும் பிளாஸ்டிக் பலகைத் தரையில், ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டால் நம்மில் பலருக்குக் கை முதலில் போவது ஃபெவிக்விக் டியூபுக்குத்தான். தயவுசெய்து வேண்டாம். அது காய்ந்ததும் விறைத்துப்போகும், வினைலோ பகல் சூட்டில் விரிந்து ராத்திரியில் சுருங்கும் பொருள், இரண்டும் ஒத்துப்போகாமல் கொஞ்ச நாளில் பிய்த்துக்கொண்டு வரும். போதாததற்குப் பசை வழிந்த ஓரமெல்லாம் வெள்ளை பூத்துவிடும், அதைச் சுரண்டப்போய் மேல்பூச்சும் போய்விடும்.

சென்னை மாதிரி ஊர்களில் பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே வினைல் பிளாங்க் போட்டுக்கொள்வது இப்போது சகஜம். போட்டுக் கொடுக்க ஆள் உடனே கிடைப்பார், ஆனால் ஒரே ஒரு பலகை கெட்டுப்போனால் அதற்கென்று யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் "முழு ரூமையும் மாத்திடலாம் சார்" என்பார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. ஒரு கட்டர் கத்தி, ஹேர் டிரையர், சரியான பசை, கொஞ்சம் பொறுமை இருந்தால் முக்கால்வாசிப் பழுதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் தரை எந்த வகை என்று பாருங்கள்

இது தெரியாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள். வாசல் நிலைக்குக் கீழே இருக்கும் அலுமினியப் பட்டியைக் கழற்றினால் பலகையின் வெட்டு முகம் தெரியும். 2 அல்லது 3 மி.மீ. கனத்தில், கையால் வளைகிற மாதிரி, அடியில் பசையோடு தரையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது பசை ஒட்டு வகை. 4 முதல் 6 மி.மீ. கனத்தில் விறைப்பாக, ஒன்றின் நாக்கு (நீட்டிய விளிம்பு) அடுத்ததன் காடிக்குள் (ஓரப் பள்ளம்) பூட்டு மாதிரி கோத்துக்கொண்டு தரையில் ஒட்டாமல் சும்மா கிடந்தால் அது கிளிக் வகை. அதிலும் நடுப்பகுதி சாம்பல் நிறத்தில் கல் மாதிரி இறுகலாக இருந்தால் எஸ்.பி.சி., அதாவது சுண்ணாம்புக்கல் பொடியையும் பி.வி.சி.யையும் கலந்து அழுத்தியது. நம் ஊரில் கிளிக் என்று விற்பதில் பெரும்பங்கு இதுதான்.

எந்த வகையானாலும் மேலே இருக்கும் அமைப்பு ஒன்றுதான். மரம் மாதிரி தெரிவது ஒரு அச்சடித்த படலம், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தேய்மான அடுக்கு. வீட்டுக்கான பலகைகளில் அந்த அடுக்கு சாதாரணமாக 0.3 மி.மீ., கடைகளுக்குப் போடுவதில் 0.5 மி.மீ. அளவில் இருக்கும். கீறல் இந்த அடுக்குக்குள்ளேயே நின்றுவிட்டால் மறைத்துவிடலாம். அச்சுப் படலத்தையும் தாண்டிப் போய்விட்டால் அந்த இடத்தில் மரமும் இல்லை, நிறமும் இல்லை, மொசைக் தரைக்கு மெஷின் விட்டுத் தேய்ப்பது போல இதைத் தேய்த்துப் புதுசாக்கவும் முடியாது. ஒன்று மெழுகு வைத்து மறைக்க வேண்டும், இல்லையென்றால் பலகையை மாற்ற வேண்டும். மூன்றாவது வழி எதுவும் கிடையாது, யார் எந்த பாலிஷ் விற்றாலும் சரி.

ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்காமல் கை வைக்காதீர்கள்

கீறலுக்கும் சூட்டுக்காயத்துக்கும் காரணம் தேட வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். ஆனால் ஓரம் தூக்குவது, நடுவில் உப்புவது, பலகைகளுக்கு இடையே இடைவெளி விழுவது, இதெல்லாம் அடியில் வேறு ஏதோ நடப்பதன் அறிகுறி. அதைச் சரிசெய்யாமல் பசை போட்டால் அடுத்த மழைக்குத் திரும்பவும் அதே கதைதான்.

நான் பார்த்தவரை முதல் குற்றவாளி தண்ணீர். ஏ.சி.யின் டிரெய்ன் பைப் அடைத்துக்கொண்டு சுவர் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கும். ஆர்.ஓ. மெஷின் அடியில் சொட்டும். பாத்ரூம் நிலைப்படியோரம் கசியும், ஐப்பசி கார்த்திகை மழையில் பால்கனிக் கதவுக்கு அடியில் சாரல் உள்ளே வரும். வினைல் தண்ணீரில் ஊறாது என்பது உண்மைதான், ஆனால் அடியில் போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை என்பதும் உண்மை. பசை வெண்மையாகிக் குழைந்துவிடும், கிளிக் வகையில் அடியில் விரித்த அண்டர்லே (மெத்தைத் தாள்) ஊறி பூஞ்சை வாடை வரும்.

தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, கான்கிரீட்டிலிருந்தே ஈரம் மேலே ஏறுவது. அதற்கு எளிய சோதனை உண்டு. ஒரு பலகையை எடுத்த இடத்தில், அல்லது பக்கத்து அறையின் வெறுந்தரையில், சுமார் 45 செ.மீ. சதுரத்துக்கு ஒரு கனமான பாலித்தீன் தாளை வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் பலகையை ஒட்டுவது வீண் செலவு, முதலில் வாட்டர்புரூஃபிங் ஆளைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது வெயில். மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல், திரைச்சீலை இல்லை என்றால் மத்தியானம் மூன்று மணிக்கு அந்த இடத்தில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், புரியும். கிளிக் தரை விரிவதற்காகச் சுவரோரம் சுற்றிலும் 6 முதல் 10 மி.மீ. வரை இடைவெளி விட்டிருக்க வேண்டும். அவசரத்தில் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் விரிய இடமில்லாமல் இரண்டு பலகை சேரும் இடம் கூடாரமாக மேலெழும். கிளிக் தரையின் மேல் வார்ட்ரோபை வைத்து ஸ்க்ரூ அடித்துத் தரையோடு பிடித்திருந்தாலும் இதே விளைவுதான். இதற்குப் பசை மருந்தல்ல. ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிவிட்டு, எந்த இடத்தில் பலகை சுவரை முட்டுகிறதோ அங்கே மல்டி டூல் கட்டரால் (பிளேடு அதிர்ந்து வெட்டும் சின்ன மின்கருவி) ஒரு சென்டிமீட்டர் சீவிவிட்டால், பாதி வீடுகளில் அதுவாகவே ஓரிரு நாளில் படிந்துவிடும்.

கறையும் தேய்த்த தடமும்

செருப்புத் தடம், நாற்காலிக் கால் இழுத்த கறுப்புக் கோடு, இதெல்லாம் கீறலே இல்லை, மேலே அப்பிக்கொண்ட ரப்பர். பள்ளிக்கூட அழிப்பான் போதும். போகவில்லை என்றால் துணியில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால், வீட்டில் மிச்சமிருக்கும் சானிடைசர்கூடச் சரி. மெலமைன் ஸ்பாஞ்சும் எடுக்கும், ஆனால் அது நுண்ணிய உப்புத்தாள்தான், அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு போய்விடும்.

மஞ்சள் கறைக்கும் முதலில் ஆல்கஹால்தான், மஞ்சளின் நிறப்பொருள் அதில் கரையும். மிச்சமிருக்கும் சாயல் வெயில் படும் இடமாக இருந்தால் நாளடைவில் தானாக வெளுத்துவிடும், அதனால் மஞ்சளைத் துரத்திக்கொண்டு போய்த் தரையைச் சுரண்டாதீர்கள். கேஸ் சிலிண்டர் அடியில் விழும் துரு வட்டத்துக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றிச் சில நிமிடம் விட்டுத் துடையுங்கள். நெயில் பாலிஷ் கொட்டினால் மட்டும் ஜாக்கிரதை. ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் அது பாலிஷோடு சேர்த்து வினைலையும் இளக்கிவிடும். பெயிண்ட் தின்னர், பாத்ரூம் ஆசிட் இரண்டும் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஸ்டீம் மாப் வாங்கி வைத்திருப்பவர்கள் அதை டைல்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போகாத கறை ஒன்று உண்டு. ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி, கிரைண்டரின் ரப்பர் கால் இவை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் அடியில் பழுப்பு மஞ்சளாக ஒரு தடம் விழும். அது அழுக்கல்ல, ரப்பரில் சேர்த்த ரசாயனம் வினைலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பலகையை மாற்றலாம், அல்லது கிரைண்டரை அங்கேயே வைத்து மறைக்கலாம், பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள்.

கீறலும் பள்ளமும்

நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கவில்லை என்றால் மேலோட்டமான கீறல். அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, வினைல் தரைக்கென்றே விற்கும் அக்ரிலிக் பூச்சை மெல்லிய பஞ்சால் ஒரு தடவை தடவினால் ஒளி சிதறுவது நின்று கீறல் கண்ணில் படாது. உங்கள் தரை மேட்டா பளபளப்பா என்று பார்த்து வாங்குங்கள், மாற்றிப் பூசினால் கீறலைவிட அந்தத் திட்டுதான் தெரியும். மரச்சாமான் மெழுகு, கார் பாலிஷ் எல்லாம் வேண்டாம். தரையின் மேல் ஏற்கெனவே பாலியூரித்தேன் பூச்சு இருக்கும், மெழுகு அதில் பிடிக்காமல் வழுக்கலையும் மங்கலையும்தான் தரும்.

நகம் சிக்கினால், அதாவது சிலிண்டரை இழுத்த பள்ளமோ கத்தி விழுந்த குழியோ என்றால், கடின மெழுகுக் குச்சிகள் வேண்டும். ஆன்லைனில் மரத்தரை, லேமினேட் ரிப்பேர் கிட் என்று தேடினால் பல நிறக் குச்சிகள், பேட்டரியில் சூடாகும் சின்ன இரும்பு, வழிக்கும் பிளாஸ்டிக் தகடு எல்லாம் ஒரே பெட்டியில் வரும். முதலில் பள்ளத்தின் விளிம்பில் பிசிறு நிற்கும், அதைப் புது பிளேடால் படுக்கை வாட்டில் சீவுங்கள். உள்ளே தூசி இல்லாமல் பிரஷ் போட்டு ஆல்கஹாலால் துடையுங்கள்.

இப்போது நிறம். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பலகையை உற்றுப் பார்த்தால் தெரியும், "பழுப்பு" என்று நீங்கள் நினைத்ததில் நான்கு நிறம் இருக்கும். அடியில் வெளிர் மணல் நிறம், அதன் மேல் தேன் நிறக் கோடுகள், நடுநடுவே கறுப்புக்குக் கிட்டத்தட்ட வரும் மெல்லிய ரேகைகள். அடிநிறத்தை, அதிலும் ஒரு துளி வெளிரலாகவே தேர்ந்தெடுத்து உருக்கிப் பள்ளத்தை நிரப்புங்கள், தரைமட்டத்துக்கு மேலே சற்றுப் புடைத்து நிற்கட்டும். ஒரு நிமிடம் ஆறியதும் தகட்டால் ரேகை ஓடும் திசையிலேயே வழியுங்கள், குறுக்கே வழித்தால் மெழுகு பெயர்ந்து வரும். அப்புறம் சூடான இரும்பின் நுனியில் கறுத்த நிற மெழுகைத் தொட்டு, நிரப்பிய இடத்தின் மேல் பக்கத்து ரேகையைத் தொடர்ந்து வருகிற மாதிரி ஒரு கோடு இழுங்கள். நேர்கோடாக வேண்டாம், கொஞ்சம் நடுங்கினால்தான் மரமாகத் தெரியும். இந்த ஒரு கோடுதான் கண்ணை ஏமாற்றுகிறது, நிறம் நூறு சதவீதம் பொருந்தாவிட்டாலும் ரேகை தொடர்ந்தால் பார்வை அதன் மேல் நிற்காமல் போய்விடும். கடைசியில் மேட் பூச்சு ஒரு தொடுகை. இரும்பை வினைலின் மேல் நேரடியாக வைக்காதீர்கள், உருகிய மெழுகு மட்டும்தான் தரையைத் தொட வேண்டும்.

ஊதுபத்தி, கற்பூரம் விழுந்த சின்னச் சூட்டுக்காயத்துக்கும் இதே வழி, கருகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு நிரப்புங்கள். ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தால் நிரப்பாதீர்கள், மாற்றுங்கள்.

பீரோ கால் அழுத்திய குழிக்கு, பசை ஒட்டு வகையென்றால் முதலில் பீரோவை நகர்த்திவிட்டுச் சில நாள் சும்மா விடுங்கள், ஓரளவு தானாக எழும். மிச்சத்துக்கு ஹேர் டிரையரை லேசாகக் காட்டலாம். எஸ்.பி.சி. எழாது, அது கல்.

தூக்கிய ஓரத்தை ஒட்டுவது

இது பசை ஒட்டு வகைக்கு மட்டும். ஹேர் டிரையரை 10, 15 செ.மீ. தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே சூடு காட்டுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். ஹீட் கன் வைத்திருந்தால் மிகக் குறைந்த சூட்டில் வையுங்கள், பி.வி.சி. கருகினால் வரும் புகை மூக்கையும் தொண்டையையும் பிடுங்கும், ஜன்னலைத் திறந்தே வேலை செய்யுங்கள். பலகை வளைய ஆரம்பித்ததும் பட்டித் தகட்டை உள்ளே விட்டு, நன்றாக ஒட்டியிருக்கும் இடம்வரை மெல்லத் திறந்து, அடியில் தரையிலும் பலகையிலும் இருக்கும் பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். கை ஓட்டிப் பார்த்தால் ஒரு மணல் துகள்கூட நெருடக்கூடாது. அடியில் ஒரு சின்னக் கல் இருந்தால் மேலே ஆயுசுக்கும் கொப்புளம்தான்.

பசை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் தச்சர்கள் லேமினேட் ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசையையே இதற்கும் போட்டுவிடுகிறார்கள். அன்றைக்குப் பிரமாதமாகப் பிடிக்கும். ஆனால் வினைலை வளைய வைக்கச் சேர்த்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல மெல்ல அந்தப் பசைக்குள் இறங்கி அதைப் பிசுபிசுப்பாக்கிவிடும், அப்புறம் ஓரங்களில் கறுப்பாகக் கசியும். வினைல் தரைக்கென்று வரும் அக்ரிலிக் பசைதான் சரி. பல் வைத்த கரண்டியால் மெல்லிசாகத் தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காத்திருங்கள். பெரும்பாலான வகைகளில் வெள்ளை நிறம் மாறி, விரலால் தொட்டால் ஒட்டும் ஆனால் விரலில் வராது என்ற நிலை வர வேண்டும். அதற்கு முன் அழுத்தினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். அழுத்தியபின் மேலே பட்டர் பேப்பர், அதன் மேல் ஒரு மரப்பலகை, அதன் மேல் அரிசி மூட்டையோ தண்ணீர் கேனோ, ஒரு நாள் முழுக்க.

நடுவில் காற்றுக் கொப்புளம் மட்டும் என்றால் திறக்க வேண்டாம். சூடு காட்டி, ரேகைக் கோட்டின் மேலே பிளேடு நுனியால் பொடியாகக் கீறி, மெடிக்கல் கடை சிரிஞ்சில் பசையை உள்ளே விட்டு, வழிந்ததை ஈரத்துணியால் உடனே துடைத்துப் பாரம் வையுங்கள்.

பசை ஒட்டு பலகையை மாற்றுவது

இதுதான் எல்லாவற்றிலும் சுலபம். பலகை முழுவதும் சூடு காட்டி, நடுவில் கத்தியால் வெட்டி, அங்கிருந்து ஓரத்தை நோக்கி உரித்துக்கொண்டே வாருங்கள். ஓரத்திலிருந்து நெம்பினால் பக்கத்துப் பலகை முனை உடையும். தரையைச் சுரண்டி, தூசி உறிஞ்சி, குழி இருந்தால் லெவலிங் பவுடர் பூசிக் காயவிட்டு, பசை போடுமுன் புதுப் பலகையை வெறுமனே பொருத்திப் பாருங்கள். அடியில் அம்புக்குறி போட்டிருக்கும், அக்கம்பக்கத்துப் பலகைகளின் திசையிலேயே போகட்டும். ஒட்டியபின் மேலே உருளையை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்கள், உருளை இல்லையென்றால் சப்பாத்திக் கட்டையில் துணி சுற்றி உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தலாம்.

கிளிக் பலகை

முதலில் இடைவெளி விழுந்த கேஸ். பலகைகள் நீளவாக்கில் நகர்ந்து முனையில் கோடு தெரிந்தால் அது உடைசல் அல்ல. ஒரு மரக்கட்டையில் நல்ல இருபக்க டேப் ஒட்டிப் பலகையின் மேல் அழுத்தி, கட்டையின் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியால் தட்டுங்கள், பலகை நகர்ந்து மூடிக்கொள்ளும். மூடும் முன் காடிக்குள் வினைல் பசை ஒரு கோடு இழுத்துவிட்டால் திரும்ப நகராது. அதே இடம் மிதிக்கும்போது அமுங்கி எழுந்தால் பிரச்சினை வேறு, அடியில் தரை மட்டமில்லை. 2 மீட்டர் நீள ரூல்தடியை வைத்துப் பார்த்தால் 3 மி.மீ.க்கு மேல் ஒளி தெரியக்கூடாது. தெரிந்தால் பூட்டுகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டே வரும், அந்தப் பகுதியைத் திறந்து மட்டம் செய்யாமல் விடிவில்லை.

கெட்ட பலகை சுவருக்குப் பக்கத்தில், மூன்று நான்கு வரிசைக்குள் இருந்தால் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வருவதே மேல். ஸ்கர்ட்டிங்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பலகையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போட்டு, சாய்த்துத் தூக்கிக் கழற்றுங்கள். மாற்றிவிட்டு அதே வரிசையில் திரும்பக் கோத்துவிடுங்கள்.

நடு அறையில் இருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பலகையின் நான்கு ஓரத்திலிருந்தும் 3, 4 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு செவ்வகம் வரைந்து, அதன் மூலைகளிலிருந்து பலகையின் மூலைகளுக்குக் குறுக்குக்கோடு போடுங்கள். மல்டி டூலில் பலகையின் கனத்துக்கு டேப் சுற்றி அடையாளம் வைத்து வெட்டுங்கள், ஆழம் தாண்டினால் கீழே இருக்கும் டைல்ஸுக்குக் கீறல். கட்டர் கத்தியிலும் முடியும், ஆனால் எஸ்.பி.சி. கத்தியின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும், பிளேடு பாக்கெட்டோடு உட்காருங்கள். நடுத்துண்டை எடுத்தபின் ஓரத் துண்டுகளை உள்பக்கமாக இழுத்தால் பூட்டிலிருந்து கழன்று வரும். பக்கத்துப் பலகைகளின் நாக்கும் காடியும் உடையாமல் இருப்பதுதான் இந்த வேலையின் உயிர்.

புதுப் பலகையில் நீளப்பக்க நாக்கை அப்படியே விடுங்கள். நீளப்பக்கத்திலும் குறுக்குப்பக்கத்திலும் காடியின் கீழ் உதட்டை மட்டும் கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள். குறுக்குப்பக்க நாக்கு மேலிருந்து இறங்கிப் பூட்டும் வகையென்றால் இருக்கட்டும், இல்லையென்றால் அதையும் சீவுங்கள். இப்போது நீளப்பக்க நாக்கைச் சாய்வாகப் பக்கத்துக் காடிக்குள் நுழைத்துப் பலகையைக் கீழே இறக்கினால் சரியாக உட்காரும். பசையில்லாமல் ஒரு முறை பொருத்திப் பார்த்துவிட்டு, எடுத்து, வெட்டிய ஓரங்களில் எல்லாம் இரண்டு டியூப் கலக்கும் எபாக்சியைத் தடவி மறுபடி இறக்குங்கள். பசை பலகைகளின் இணைப்பில்தான் இருக்க வேண்டும், கீழே தரையோடு ஒட்டிவிடக்கூடாது. ஒட்டினால் மொத்தத் தரையும் விரியும்போது அந்த ஒரு பலகை மட்டும் நகராமல் நின்று பக்கத்தில் எதையாவது உடைக்கும். மேலே வந்த பசையை ஆல்கஹால் துணியால் அப்போதே துடைத்துவிட்டு, ஒரு நாள் பாரம் வையுங்கள்.

மாற்றுப் பலகைக்கு எங்கே போவது

வேலை முடிந்த அன்று மிச்சப் பெட்டியைப் பரணில் போட்டிருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் கடையில் அதே டிசைன் கிடைத்தாலும் பேட்ச் மாறினால் நிறமும் பூட்டின் வடிவமும் மாறலாம், கிளிக் வகையில் வேறு கம்பெனிப் பலகை கோக்காது. அதனால் கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ இருக்கும் பலகையை எடுத்துக் கெட்ட இடத்தில் போட்டுவிட்டு, கிடைத்த வேறு பலகையை அந்த மறைவிடத்தில் வையுங்கள். கிளிக் வகையில் பக்கத்துப் பூட்டோடு கோக்காததை நான்கு பக்கமும் சீவி அந்தக் குழியில் சும்மா வைத்தால் போதும், கட்டிலுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்.

வெளிநாட்டில் பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் 1999 வரையும் ஆஸ்திரேலியாவில் 2003 இறுதி வரையும் ஆஸ்பெஸ்டாஸுக்கு (தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) முழுத் தடை வரவில்லை. அமெரிக்காவில் 1980களுக்கு முந்தைய, குறிப்பாக 9 அங்குலச் சதுர வினைல் டைல்களிலும் அவற்றின் கறுப்புப் பசையிலும் அது இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பிளாங்க்குக்கு அடியில் அப்படி ஒரு பழைய தரை தெரிந்தால் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ வேண்டாம், அப்படியே மூடிவிட்டுச் சோதனைக்கு ஆள் வரட்டும்.

மிச்சப் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். மொட்டைமாடிக்குக் கீழே கொதிக்கும் பரணும் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் படுக்கையாக வையுங்கள், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பேட்ச் எண்ணை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுத்த கெட்ட பலகையிலும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள், அடுத்த கீறலுக்கு மெழுகின் நிறத்தை அதில் போட்டுப் பார்க்கலாம்.